பழைய யமஹா 15 டூ ஸ்ட்ரோக்: மெக்கானிக் சொல்வதில் எதை நம்பலாம்?

ஃபைபர் படகுக்குப் பழைய அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) தேடுபவருக்கு யமஹா 9.9, 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். எடை 36 கிலோ அளவில்தான், ஒரே ஆள் தூக்கிக் கரையேற்றிவிடலாம். இரண்டு சிலிண்டர், 246 சிசி, ஒரே கார்பரேட்டர். பேட்டரி வேண்டாம், கயிறு இழுத்தால் போதும். உள்ளே இருப்பதே கொஞ்சம் என்பதால், மெக்கானிக் சொல்வதைச் சரிபார்ப்பதும் சுலபம். எஞ்சினைவிட அதைப் பார்த்துச் சொல்பவரிடம்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதனால் இந்த மதிப்புரையில் பாதி எஞ்சினைப் பற்றியது, பாதி அந்தச் சேவையைப் பற்றியது.

முதலில் ஒரு எச்சரிக்கை. 9.9, 15 இரண்டுக்கும் அடிப்படை பிளாக் ஒன்றுதான். மேல்மூடியையும் ஸ்டிக்கரையும் மாற்றினால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. படகில் மாட்டும் கிளாம்ப் மேல் இருக்கும் தகட்டில் மாடல் எழுத்தைப் படியுங்கள். தகடே இல்லையென்றால் 9.9-க்கான விலைக்கு மேல் பேசாதீர்கள்.

"போர் போயிடுச்சு, பிஸ்டன் மாத்தணும்" என்பதுதான் பட்டறையில் அதிகம் கேட்கும் தீர்ப்பு. போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர். அதிகம் செலவு வைப்பதும் இதுதான். இதை நம்புவதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், மேல் சிலிண்டரில் எவ்வளவு, கீழ் சிலிண்டரில் எவ்வளவு? இரண்டு எண்களைச் சொல்ல முடியாதவர் பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. கயிற்றை இழுக்கும்போது "லூசா இருக்கு" என்று கையால் உணர்வது ஒரு சந்தேகம் மட்டுமே. சந்தேகத்துக்காக யாரும் ஹெட்டைக் கழற்றக் கூடாது. உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் ஓடிய எஞ்சினில் போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஒன்று உடைந்தாலும், இல்லாத வேலை ஒன்று புதிதாகச் சேரும்.

எண் சொன்னாலும் எப்படி எடுத்தார் என்று பாருங்கள். எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். இரண்டு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் கயிறு இழுக்கும் வேகம் குறைந்து எண்ணும் குறையும். ஸ்பார்க் வராதபடி கில் சுவிட்ச் கிளிப்பை உருவிவிட வேண்டும். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கியர் நியூட்ரலில் இருக்கும்போது கைப்பிடி முழுசாகத் திரும்பாவிட்டால், கார்பரேட்டர் லீவரைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது, நல்ல சிலிண்டரும் செத்ததுபோல் காட்டும். முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை ஐந்தாறு முறை ஒரே பலத்தோடு இழுக்க வேண்டும்.

100 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. ஆனால் கேஜுக்குக் கேஜ் எண் மாறும், நீளமான ரப்பர் குழாய் வைத்த கேஜ் குறைத்தே காட்டும். ஆகவே இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். எண்கள் நன்றாக இருந்து, வித்தியாசமும் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போரைப் பற்றிய பேச்சை நிறுத்தலாம். இரண்டும் ஒரே அளவுக்குச் சேர்ந்து இறங்கியிருந்தால், முதலில் கேஜையும் அளந்த முறையையும் சந்தேகப்படுங்கள், அடுத்து இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் ஊதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். அவுட்போர்டில் சிலிண்டர் படுத்திருக்கும், ஆயில் அடிப்பக்கமே தேங்கும். அதனால் கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்துப் பரப்பிய பிறகு அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் பக்கம் கோளாறு. அப்போதும் உடனே போர் என்று முடிவு கட்டாதீர்கள். கரி படிந்து ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொள்வது இந்த எஞ்சின்களில் சாதாரணம், முக்கியமாக பைக் 2டி ஆயில் ஊற்றி ஓட்டியவற்றில். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 தர ஆயில்தான். அது எரிந்தால் சாம்பல் மிஞ்சாது. கரி நீக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியாக விட்டு ஒரு இரவு ஊறவைத்து மறுநாள் அளந்து பாருங்கள், பல எஞ்சின்கள் இதிலேயே தேறிவிடும்.

போனில் மாட்டும் மெல்லிய குழாய்க் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. பிளக் துளைக்குள் விட்டு, எக்ஸாஸ்ட் போர்ட் இருக்கும் பக்கச் சுவரைப் பாருங்கள். நீளவாக்கில் கோடுகள், சாம்பல் நிறத்தில் அலுமினியம் அப்பிய தடம் தெரிந்தால் மெக்கானிக் சொன்னது உண்மை. எஞ்சின் ஒருமுறை சீஸ் ஆகியிருக்கிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கிறது. அப்போது கேட்க வேண்டியது போர் அளவு. ஸ்டாண்டர்டு 56.00 மில்லிமீட்டர், கடைந்து பெரிதாக்கிப் போடும் ஓவர்சைஸ் 0.25, 0.50. ஏற்கெனவே 0.50 போட்ட பிளாக் என்றால் மேலே போக இடமில்லை, வாங்காமல் விடுவது நல்லது.

"சிடிஐ போச்சு" என்பது அடுத்த தீர்ப்பு. சிடிஐ என்பது ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை அனுப்பும் மின்னணுப் பெட்டி. இதைச் சோதிக்க யோசனை ஒன்றே போதும். இக்னிஷன் காயிலைப் பாருங்கள். ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக் வயரும் போனால், சிடிஐ அந்த ஒரு காயிலுக்குத்தான் மின்சாரம் அனுப்புகிறது. ஒரு சிலிண்டரில் நல்ல ஸ்பார்க், இன்னொன்றில் இல்லை என்றால் சிடிஐமேல் பழி போட வழியில்லை. கோளாறு பெரும்பாலும் பிளக், பிளக் கேப், வயர் இந்த மூன்றுக்குள்தான். பிளக்குகளை இடம் மாற்றுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து மாறினால் புது என்ஜிகே பி7எச்எஸ்-10, இடைவெளி 1.0 மில்லிமீட்டர், கதை முடிந்தது. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். வயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் போதும்.

இதே கணக்கு கார்பரேட்டருக்கும் பொருந்தும். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்பரேட்டர். ஜெட் அடைத்தால் இரண்டுமே தவிக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாத எஞ்சினுக்கு "கார்பரேட்டர் சர்வீஸ்" என்று பில் போட்டால் அவரிடம் அடுத்த முறை போகாதீர்கள். ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் மந்தம் என்றால் ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு) நுனி உடைந்திருக்கலாம், கிராங்க் சீல் காற்று இழுக்கலாம். இந்த இரண்டையும் தானாகச் சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

முழு வேகத்தில் ஓடி, ஒரு நிமிடத்தில் தொய்ந்து நின்றால்? அது நிகழும் நேரத்தில் பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். எஞ்சின் மீண்டால் கோளாறு பெட்ரோல் வரத்தில்: டேங்க் மூடியின் காற்றுத் திருகு, குழாய் மூட்டு, பம்ப்பின் மெல்லிய தாள். எஞ்சினுக்குள் கை வைக்க வேண்டியதில்லை.

சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை என்றால் "கியர் பாக்ஸ்" என்று சொல்வார்கள். முதலில் ப்ரொப்பல்லரைப் பாருங்கள். நடுக்குழலுக்கும் வெளி உடலுக்கும் இடையே ரப்பர் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் கோடு விலகியிருந்தால் ரப்பர் நழுவுகிறது, கியருக்கு ஒன்றுமில்லை.

உண்மையான கியர் கோளாறு ஆயிலில் தெரியும். ஓர் இரவு நிமிர்த்தி வைத்துவிட்டு, காலையில் கீழ்த் திருகைத் திறங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ ஆயில் பால் போல் இருந்தாலோ சீல் போயிருக்கிறது. பசை போன்ற நுண்துகள் பரவாயில்லை, நகத்தில் மாட்டும் அளவு செதில் வந்தால் பல் உடைகிறது. சீல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் ப்ரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கிடக்கும் தங்கூஸ், அதாவது நைலான் மீன்பிடி நரம்பு. அதை எடுக்காமல் சீல் மட்டும் மாற்றினால் மறுபடி அறுக்கும். மாற்றியபின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தில் காற்று ஏற்றி, குறைந்தது 10 விநாடி இறங்காமல் நிற்கிறதா என்று உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். புது ஆயில் 250 மில்லி, கீழ்த் துளை வழியாக ஏற்றி மேல் துளையில் வழியும்வரை.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே பீச்சுவது மெலிந்திருந்தால் முதலில் அந்தத் துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள், உப்புக்கட்டி விழும். இம்பெல்லர் (தண்ணீர் பம்ப்பின் ரப்பர் சக்கரம்) மாற்றினேன் என்பவரிடம் பழையதைக் கேளுங்கள். இறகு ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே குளிர்விக்கும் வழியில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடாமல் மூடியவர் அடுத்த சீஸுக்கு வழி செய்துவிட்டார்.

டிரம்மில் போட்டு ஓட்டிக் காட்டுவதை இறுதிச் சோதனையாக ஏற்காதீர்கள், அங்கே பாரமே இல்லை. பிளக் வயரில் சுற்றும் சிறிய டாக்கோமீட்டரோடு, ஆள் ஏறிய படகில் முழுத் த்ராட்டிலில் ஓட்டுங்கள். பொருத்தமான ப்ரொப்பல்லரோடு 4500 முதல் 5500 சுற்றுக்குள் நின்றால் எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது. கடலில் ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளருக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

பிஸ்டன், ரிங் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உறுதியானால், மாற்றித் தருபவர் முதல் பத்து மணி நேரத்துக்கு ஆயில் கலவை என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி, அதன் பிறகு 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. தொடக்கத்தில் முழு வேகம் வேண்டாம் என்றும் அவரே சொல்ல வேண்டும். கேட்காமலே இதைச் சொல்லி, கழற்றிய பிஸ்டனைப் பையில் போட்டுத் தருபவரின் பட்டறைக்கு இன்னொரு எஞ்சினையும் தாராளமாகக் கொண்டுபோகலாம்.