திரும்பி வந்த சி.எல்.எல்.: ரெண்டு வருட ஜோடி மருந்தா, நிறுத்தாத மாத்திரையா?

நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சி.எல்.எல்., ஒருமுறை கீமோவில் அடங்கிச் சில வருடம் கழித்துத் திரும்பினால், வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "மறுபடியும் கீமோவா?" என்பதுதான். பெரும்பாலும் தேவையில்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த குறிவைக்கும் மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்றைய சிக்கல், அவற்றில் எதை, எதோடு சேர்த்து, எவ்வளவு காலம் என்பது. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் தாய்மாமாவுக்காக இதைப் படிக்கத் தொடங்கினேன். மதுரையைச் சுற்றி இருப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியதை எழுதுகிறேன்.

மருந்துக்குள் போவதற்கு முன் இரண்டு விஷயங்கள். நோய் திரும்பியது என்பதும், உடனே சிகிச்சை தேவை என்பதும் ஒன்றல்ல. வெள்ளணு எண்ணிக்கை ஏறியது என்பதற்காக மட்டும் யாரும் மருந்து தொடங்குவதில்லை. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போவது, தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது, நெறிக்கட்டியோ மண்ணீரலோ பெரிதாகித் தொந்தரவு தருவது, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது, இரவில் சட்டை நனைய வியர்ப்பது ஆகியவைதான் அறிகுறிகள். இவை இல்லையென்றால் கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

இரண்டாவது, 17பி என்ற குரோமோசோம் குறைபாட்டையும் டி.பி.53 மரபணுவையும் திரும்ப ஒருமுறை சோதிக்க வேண்டும். "நாலு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சே" என்று விட்டுவிடக் கூடாது. முதல் தடவை இல்லாத குறைபாடு, நோய் திரும்பும்போது புதிதாக வந்திருக்கலாம். எந்த மருந்து என்ற முடிவே இந்த ரிப்போர்ட்டால் மாறும்.

சரி, போட்டியில் முதலில் நிற்பது வெனிட்டோகிளாக்ஸ், ரிட்டுக்ஸிமேப் ஜோடி. புற்று அணுக்கள் சாகாமல் தப்பிக்க பி.சி.எல்.2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை அந்தப் பிடியை விடுவிக்கும், அணு தானாகச் செத்துப்போகும். ரிட்டுக்ஸிமேப் மாதம் ஒருமுறை வீதம் ஆறு தடவை டிரிப்பில் ஏற்றும் மருந்து. மாத்திரையை இரண்டு வருடத்தில் நிறுத்திவிடலாம். இந்த ஜோடியின் பெரிய கவர்ச்சி அதுதான்.

இதற்கு அடிப்படை 2018இல் வெளிவந்த முரானோ ஆய்வு. நோய் திரும்பிய 389 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு இந்த ஜோடியும் மறுபக்கத்துக்கு பெண்டமஸ்டின், ரிட்டுக்ஸிமேப் கீமோவும் கொடுத்தார்கள். கீமோ பக்கத்தில் 17 மாதத்துக்குள்ளேயே பாதிப் பேருக்கு நோய் மறுபடி வளர்ந்திருந்தது அல்லது உயிர் போயிருந்தது. ஜோடி மருந்தில் அந்த நிலைக்கு வர 54 மாதத்துக்கு மேல் ஆனது. ஏழு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஜோடியில் சுமார் 70 சதவீதம், கீமோவில் சுமார் 51 சதவீதம். மாத்திரை நின்று வருடங்கள் ஆனபிறகும் இந்த வித்தியாசம் நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் தொடக்கம் கடினம். மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்வதால், செத்த அணுக்களில் இருந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் ஆசிடெல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். கிட்னி தாங்காமல் போகலாம், இதயத்துடிப்பு தடம் புரளலாம். அதனால்தான் முதல் வாரம் 20 மில்லிகிராம், அப்புறம் 50, 100, 200, ஐந்தாவது வாரம் 400 என்று ஏற்றுகிறார்கள். இந்தக் கட்டுப்பாடு இருந்ததால் முரானோவில் கடுமையான அணுச்சிதைவு 3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. கட்டி 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, 5 சென்டிமீட்டர் கட்டியோடு லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு 25,000க்கு மேல் இருந்தாலோ ஆபத்து அதிகம். அவர்களை முதல் இரண்டு டோஸுக்காவது அட்மிட் செய்துதான் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கும் மாத்திரைக்கு முன், 6 முதல் 8 மணி நேரம் கழித்து, மறுநாள் என்று ரத்தம் எடுக்க வேண்டும்.

உசிலம்பட்டியில் இருந்து மதுரை சுமார் 40 கிலோமீட்டர். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கத்து கிராமம் என்றால் பஸ் மாறி வர வேண்டும். காலையில் ரத்தம் கொடுத்து, மாத்திரை போட்டு, சாயங்காலம் மறுபடி கொடுத்து, ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறியிருந்தால் அதே ராத்திரி டாக்டரைப் பார்க்க வேண்டிய சிகிச்சை இது. ஊரில் இருந்து வந்துபோய்ச் செய்கிற வேலை இல்லை. அந்த ஐந்து வாரமும் மதுரையில் சொந்தக்காரர் வீட்டிலோ ஆஸ்பத்திரிக்கு அருகில் அறை எடுத்தோ தங்குவதுதான் புத்திசாலித்தனம். நேரத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஆரம்பித்தால் லேபுக்குப் போகவே வழி கிடைக்காது. வெயிலில் உடம்பு வற்றுவது தனிப் பிரச்சினை.

ஏனென்றால் மாத்திரைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தினம் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், யூரிக் ஆசிடுக்கு அலோபியூரினாலும் கொடுப்பார்கள். இங்கே நம் வீட்டு அன்பு ஒரு வினை செய்யும். தண்ணீர் நிறைய என்றதும் ஆளாளுக்கு இளநீரோடு வந்து நிற்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் ஏறிவிடக் கூடாதே என்று ரத்தம் எடுத்துப் பார்க்கும் வாரத்தில் டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்காதீர்கள். வெறும் தண்ணீர் போதும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷரால் "உப்பு ஏறியிருக்கு" என்று சொல்லப்பட்டவர்கள், அதாவது கிரியாட்டினின் கூடியவர்கள், இந்தப் பாதையில் கூடுதல் கவனத்தோடுதான் போக வேண்டும். ஐந்து வாரம் தாண்டினால் வாழ்க்கை எளிதாகும். ஆனாலும் தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு குறைவது சகஜம். முரானோவில் பாதிப் பேருக்கு மேல் கடுமையாகக் குறைந்தது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எதிர்ப்பக்கம் இருப்பவை, புற்று அணுவை வளரத் தூண்டும் பி.டி.கே. என்ற புரதத்தைத் தடுக்கும் மாத்திரைகள்: இப்ருட்டினிப், அகாலாபுருட்டினிப், ஜானுபுருட்டினிப். தொடங்குவது எளிது. ஐந்து வாரப் படியேற்றம் இல்லை, பெரும்பாலும் அட்மிஷன் இல்லை. உசிலம்பட்டியில் இருந்தே மாதாமாதம் வந்து போகலாம். ஆனால் கேட்கும் வரை, தாங்கும் வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றில் 2014இல் சி.எல்.எல்.லுக்கு அமெரிக்க அனுமதி வாங்கிய இப்ருட்டினிப்தான் மூத்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்குவதும் அதன் குறை. 533 பேரைச் சேர்த்த எலிவேட் ஆர்.ஆர். ஆய்வில் அகாலாபுருட்டினிப் அதே அளவு காலம் நோயை அடக்கியது, இரண்டிலும் 38.4 மாதம். தாறுமாறான துடிப்பு மட்டும் 16 சதவீதத்தில் இருந்து 9.4 சதவீதமாகக் குறைந்தது. 652 பேரைச் சேர்த்த ஆல்பைன் ஆய்வில் ஜானுபுருட்டினிப் நோயை அடக்குவதிலேயே இப்ருட்டினிப்பை முந்தியது. இரண்டு வருடம் கழித்து நோய் வளராமல் இருந்தவர்கள் 78 சதவீதம், இப்ருட்டினிப்பில் 66. துடிப்புப் பிரச்சினை ஜானுபுருட்டினிப்பில் 5 சதவீதம், இப்ருட்டினிப்பில் 13 சதவீதம். அகாலாவையும் ஜானுவையும் இந்த இரண்டு ஆய்வுகளை வைத்து நேரடியாக ஒப்பிட முடியாது. எலிவேட்டில் சேர்ந்த எல்லோருமே 17பி அல்லது 11க்யூ என்ற இன்னொரு குரோமோசோம் குறைபாடு உள்ளவர்கள், ஆல்பைனில் அப்படி இல்லை. ஏற்கெனவே இதயத் தொந்தரவு உள்ளவருக்கு, கையில் எட்டும் என்றால், புதிய இரண்டில் ஒன்றைத்தான் நான் கேட்பேன்.

இந்த மாத்திரை தொடங்கியதும் பலர் பதறும் இடம் ஒன்று உண்டு. முதல் சில வாரங்களில் வெள்ளணு எண்ணிக்கை குறைவதற்குப் பதில் ஏறும், சிலருக்கு இரட்டிப்பாகும். நெறிக்கட்டிக்குள் ஒட்டியிருந்த அணுக்கள் பிடி தளர்ந்து ரத்தத்துக்கு வருவதால் இது நடக்கிறது. கழுத்துக் கட்டி சுருங்கிக்கொண்டிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். எண்ணிக்கையைப் பார்த்து "மருந்து பிடிக்கல" என்று தாமாக நிறுத்திவிட்டால் நோய் சட்டென்று பொங்கிவிடலாம்.

கேஸ் மாத்திரை விவகாரமும் நம் ஊருக்கு முக்கியம். காலையில் காபிக்கு முன் ஒமெப்ரசோலோ பேன்டோபிரசோலோ போடாத பெரியவரைப் பார்ப்பது அரிது. அகாலாபுருட்டினிப் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். இந்த மாத்திரைகள் அமிலத்தை அடக்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பின்னால் வந்த மாத்திரை வடிவத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் கையில் இருப்பது கேப்சூலா, மாத்திரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். பல் பிடுங்கப் போனால்கூட பல் டாக்டரிடம் இந்த மருந்தின் பேரைச் சொல்ல வேண்டும். சின்னதோ பெரியதோ, அறுவைக்கு முன்னும் பின்னும் சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

இப்போது "ரெண்டையும் சேர்த்தா இன்னும் நல்லதுதானே?" என்ற கேள்வி. எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இப்ருட்டினிப்போடு ரிட்டுக்ஸிமேப்பைச் சேர்த்து 208 பேரிடம் பார்த்தார்கள், அதில் 181 பேர் நோய் திரும்பியவர்கள். மூன்று வருடம் கழித்து நோய் வளராமல் இருந்தவர்கள் தனி மாத்திரையில் 86 சதவீதம், ஜோடியில் கிட்டத்தட்ட 87. கட்டி சீக்கிரம் வற்றியது, சிகிச்சைக்குப் பிறகும் உடம்பில் ஒளிந்திருக்கும் மிச்ச நோய் சற்றுக் குறைந்தது, ஆனால் நோய் அடங்கியிருந்த காலம் மாறவில்லை. வெனிட்டோகிளாக்ஸுக்குப் பொருந்தும் துணை, பி.டி.கே.வுக்குச் சும்மா கூட வருகிறது. இந்த ஜோடியை யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இப்ருட்டினிப்பும் வெனிட்டோகிளாக்ஸும் சேர்ந்தால் கதை வேறு. நெறிக்கட்டியில் இருந்து ஒன்று வெளியே தள்ள, இன்னொன்று கொல்லும். பிரிட்டனில் நடந்த கிளாரிட்டி ஆய்வில் முதல் எட்டு வாரம் இப்ருட்டினிப் மட்டும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள், பிறகு வெனிட்டோகிளாக்ஸைச் சேர்த்தார்கள். இந்த முன்னேற்பாடு அணுச்சிதைவு அபாயத்தையும் குறைக்கும். பன்னிரண்டு மாதக் கூட்டுச் சிகிச்சைக்குப் பிறகு 53 பேரில் 28 பேருக்கு ரத்தத்தில் நுண்ணிய சோதனைக்கும் நோய் தென்படவில்லை. 225 பேரைச் சேர்த்த விஷன் ஆய்வில், மிச்ச நோய் தெரியாத நிலையை அடைந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு மருந்தையும் நிறுத்திப் பார்த்தார்கள். 27 மாதக் கணக்கில் அவர்களில் 98 சதவீதம் பேருக்கு நோய் வளரவில்லை.

அழகான எண்கள்தான். ஆனாலும் எனக்குத் தயக்கம் உண்டு. முரானோ போல நோய் திரும்பிய நூற்றுக்கணக்கானவர்களை இருபக்கமும் நிறுத்தி, ஏழு வருடம் பின்தொடர்ந்த பலம் இதற்கு இல்லை. கூடவே, இருதயப் பிரச்சினையும் நியூட்ரோஃபில் குறைவும் ஒரே ஆளுக்கு வரலாம். எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்ய நுண்ணிய சோதனையை நம்பகமான லேபில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வயது குறைவு, இதயம் கிட்னி நன்றாக இருக்கிறது, பெரிய மையத்தில் பின்தொடர முடியும் என்றால் டாக்டரோடு பேசிப் பார்க்கலாம். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு நான் கேட்க மாட்டேன்.

2014இல் வந்த ஐடெலாலிசிப், ரிட்டுக்ஸிமேப் ஜோடியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நோயை அடக்கும். ஆனால் கடும் வயிற்றுப்போக்கு, கல்லீரல் பாதிப்பு, நுரையீரல் அழற்சி, தொற்று என்று விலை கேட்கும். வேறு வழி அடைபட்டவர்களுக்கு மட்டும்.

எந்தப் பக்கம் போனாலும் இரண்டு எச்சரிக்கை. ரிட்டுக்ஸிமேப் தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம், தூங்கும் வைரஸை அது எழுப்பிவிடலாம். அடுத்தது காசநோய். நம் நாட்டில் பழைய காசநோய் மறுபடி கிளம்புவது அபூர்வம் இல்லை. அதன் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின், பி.டி.கே. மாத்திரைகளையும் வெனிட்டோகிளாக்ஸையும் உடம்பில் மிக வேகமாகக் கழித்துவிடும். மாறாக கிளாரித்ரோமைசினும், பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் வகையும் அளவை ஏற்றிவிடும். கிரேப்ஃபுரூட் கூடாது. அதன் தாய்ப்பழமான பம்பளிமாஸையும் விட்டுவிடுவது நல்லது. நாட்டு மருந்து எடுத்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்கு. ஒரு மாத விலையைக் கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. வெனிட்டோகிளாக்ஸுக்கு மாத விலையை 24ஆல் பெருக்கி, ஆறு ரிட்டுக்ஸிமேப்பையும் தங்கும் செலவையும் கூட்டுங்கள். ரிட்டுக்ஸிமேப்பின் உலகின் முதல் பயோசிமிலர், அதாவது அதைப் போலவே வேறு நிறுவனம் செய்த மருந்து, 2007இல் ஹைதராபாத் நிறுவனத்தில் இருந்துதான் வந்தது, அதனால் அந்தப் பகுதி இங்கே கொஞ்சம் தாங்கும். பி.டி.கே.வுக்கு முடிவுத் தேதி இல்லாததால் குறைந்தது நாலு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். இப்ருட்டினிப்புக்கு உள்நாட்டு ஜெனரிக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் மாத விலை இறங்கும், ஆனால் மாதங்கள் நீளும். முதலமைச்சர் காப்பீட்டில் எது சேரும் என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரியாஸ்பத்திரி என்றாலும் தனியார் என்றாலும் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்பது நல்லது. பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவது, தொடங்காததைவிட மோசமாகப் போகலாம்.

முன்பு கீமோ மட்டும் எடுத்தவர், 17பி இல்லை, கிட்னி சரி, ஐந்து வாரம் மதுரையில் தங்க ஆள் இருக்கிறது என்றால் நான் வெனிட்டோகிளாக்ஸ், ரிட்டுக்ஸிமேப் பக்கம் சாய்வேன். 17பி இருந்தால் முரானோவிலும் பலன் சீக்கிரம் தேய்ந்தது, அங்கே நிறுத்தாத பி.டி.கே. மாத்திரை பாதுகாப்பாகத் தெரிகிறது. கிட்னி பலவீனம், தனியாக இருக்கும் பெரியவர், லேபுக்குத் தூரம் என்றாலும் அதேதான். என் மாமாவுக்கு இதைச் சொன்னபோது, "ரெண்டு வருஷத்துல மாத்திரை நிக்குமா, அப்ப அதத்தான் எழுதச் சொல்லுடா மாப்ள" என்றார். கிரியாட்டினின் பார்த்த பிறகு டாக்டர் வேறு சொன்னார். இப்போது அவர் எடுப்பது அகாலாபுருட்டினிப்.

முதலில் எதை எடுத்தாலும் மற்றது கைவசம் மிஞ்சுகிறது. வெனிட்டோகிளாக்ஸுக்குப் பிறகு பி.டி.கே. வேலை செய்யும், பி.டி.கே. தோற்றபின் வெனிட்டோகிளாக்ஸும் வேலை செய்யும். ஒத்துக்கொள்ளாமல் இப்ருட்டினிப்பை நிறுத்தியவர் அகாலாவுக்கோ ஜானுவுக்கோ மாறலாம். ஆனால் மருந்து எடுக்கும்போதே நோய் மீறி வளர்ந்தால் அதே வகைக்குள் மாறிப் பெரிதாகப் பயனில்லை, மூன்றும் ஒரே இடத்தில்தான் பூட்டுகின்றன. அப்போது வெனிட்டோகிளாக்ஸ். அதுவும் முடிந்துவிட்டால், 2023 டிசம்பரில் சி.எல்.எல்.லுக்கு அமெரிக்க அனுமதி பெற்ற பிர்ட்டோபுருட்டினிப் வேறு விதமாகப் பிடிப்பதால் அந்தப் பூட்டு உடைந்தவர்களுக்கும் உதவும்.