சைக்கிள் ஜிபிஎஸ்: "தானே ரீரூட் பண்ணும்" என்றால் கடை வாசலிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்

சைக்கிளுக்கு ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர்கள், அதிலும் நம் டெல்டா பக்கத்து ஆட்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "வழி தவறினாலும் அதுவே புது ரூட் போட்டுக் கொடுத்துடும் சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். அவர் சொன்னதில் பாதி பொய். மீதி உண்மைதான், ஆனால் இரண்டு கரையிலும் ரோடு ஓடுகிற நம் ஊரில் அந்த உண்மையை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடை பெயரும் கம்பெனி பெயரும் இங்கே வராது. கேட்காதீர்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சாதாரணம். கும்பகோணத்தில் கிளம்பி ஆற்றோரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வர வேண்டும், அப்புறம் 200 கி.மீ. பிரெவேயில் (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) கலந்துகொள்ள வேண்டும். பிரெவேயில் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் கொடுத்த ரூட்டில் போய் முடிக்க வேண்டும், இடையில் வழி தேடிக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும். போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் தஞ்சாவூர் வெயிலில் திரையும் தெரிவதில்லை, சூடேறி அணைந்தும் விடுகிறது. அதனால்தான் தனிக் கருவி.

வீட்டுக்கு வந்து திறந்தால் கும்பகோணம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திரை. நான் ஏற்றிய ரூட் மட்டும் ஒரு கோடாக நடுவில் கிடந்தது. உள்ளே இருந்தது வேறு நாட்டுக்கான மேப். அதாவது, வேறு சந்தைக்குப் போக வேண்டிய பெட்டி சுற்றி வளைத்து இங்கே வந்திருக்கிறது. கடையில் கேட்டபோது, "இந்தியா மேப் லைசென்ஸ் தனி சார், 1,500 ரூபாய்" என்றார்கள். கொடுத்தேன். ஏற்றிக் கொடுத்தார்கள். ரோடு வந்தது, ஆறு வந்தது, குக்கிராமப் பெயர்கள்கூட வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வழி தவறாத வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. திருவையாற்றில் இருந்து கல்லணை நோக்கிப் போன ஒரு நாள், பாலம் வேலை நடக்கிறதென்று மாற்றுவழிப் பலகை வைத்திருந்தார்கள். அது என்னை ஒரு சின்னப் பாலத்தைத் தாண்ட வைத்து எதிர்க்கரையில் கொண்டுபோய் விட்டது. உடனே கருவி பீப் அடித்தது. "ரூட்டை விட்டு விலகிவிட்டீர்கள்" என்றது. மறுகணக்குப் போட்டது. போட்டு முடித்ததும் நான் நின்ற இடத்தில் இருந்து நேராக ஒரு கோடு, ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எதிர்க்கரை ரோட்டுக்குப் போனது. தூரம் 140 மீட்டர் என்று காட்டியது. கொஞ்சம் முன்னால் போனால் மறுபடி பீப், மறுபடி ஒரு நேர்க்கோடு, மறுபடி ஆற்றுக்குள். மேட்டூர் திறந்து கரை தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, ஆத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். அந்தப் பக்கம் போக வேண்டும் என்றேன். "இங்க படித்துறைதான் இருக்கு. அந்தாண்ட போவணும்னா இப்படியே கரையோட போங்க, ரெண்டு ஊரு தாண்டிப் பாலம் வரும்." அந்த இரண்டு ஊரைத் தாண்டிப் பாலத்தைப் பிடித்தேன். அது வரைக்கும் கருவி என்னை ஆற்றில் இறக்கப் பார்த்துக்கொண்டே வந்தது.

ஏன் இப்படி என்பதை மன்னார்குடி நண்பர் ஒருவர்தான் கண்டுபிடித்தார், கணினி ஆள். கருவியில் ஏற்றும் மேப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் படம்: ரோடு தெரியும், ஆனால் எந்த ரோடு எதோடு சேருகிறது, எது ஒருவழி, எங்கே பாலம் என்ற இணைப்புத் தகவல் உள்ளே இருக்காது. இன்னொன்றில் அது இருக்கும். வழி கணக்கிட இரண்டாவதுதான் வேண்டும். முதல் வகையை ஏற்றினால் என் கருவி வேறு வழியில்லாமல் நேர்க்கோடு போட்டுவிடும். எனக்குக் கடையில் ஏற்றியது முதல் வகை. அதோடு முடியவில்லை. மேப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தால் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்கள்' என்று எழுதியிருந்தது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய தன்னார்வத் திட்டம் அது. அந்தத் தரவை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், அதிலிருந்து செய்த மேப்பை விற்கக்கூடச் செய்யலாம். ஏற்றிக் கொடுத்த வேலைக்குக் கூலி என்று கேட்டிருந்தால் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். "கம்பெனி லைசென்ஸ்" என்று சொல்லி வாங்கியதுதான் ஏமாற்று.

சரி, நண்பர் சரியான மேப்பை ஏற்றிக் கொடுத்தார், காசு வாங்காமல். நேர்க்கோடு நின்றது. ஆனால் ரீரூட் என்று கடையில் பெருமையடித்தது உண்மையில் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மகாமகக் குளத்தில் ஆரம்பித்து அங்கேயே முடிகிற ஒரு சுற்று ரூட் போட்டிருந்தேன். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டீ குடிக்க ஒரு தெரு மாறினேன். கருவி மறுகணக்குப் போட்டு, முடிவிடம் பக்கத்தில்தான் இருக்கிறது, திரும்பிப் போ என்றது. 80 கி.மீ. சுற்றைச் சுருட்டி எறிந்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது! காரணம் இதுதான்: ரூட்டைக் கருவியில் ஏற்றும் ஜிபிஎக்ஸ் கோப்பில் இருப்பவை கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வெறும் புள்ளிகள். எந்த ரோட்டில் போக வேண்டும், எதற்காக இந்தத் தெருவைத் தவிர்த்தேன் என்பதெல்லாம் அதில் கிடையாது. விலகியதும் சில கருவிகள் விட்ட இடத்துக்கே திரும்பி வா என்று அடம்பிடிக்கும். சில, ரூட்டில் அடுத்து எங்கே போய்ச் சேரலாம் என்று பார்க்கும். சில, உங்கள் ரூட்டையே மறந்து முடிவிடத்துக்குத் தன் இஷ்டத்துக்கு வழி போடும். கடைக்காரர் மூன்றையும் 'ரீரூட்' என்றுதான் சொல்வார். எது நடக்கும் என்று கேட்டால் அவருக்கே தெரிவதில்லை.

டெல்டாவில் இது ஏன் கூடுதல் தொல்லை என்றால், இங்கே பாலம்தான் வழி. தஞ்சாவூரில் இருந்து திருவையாறு 13 கி.மீ. சுமாருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு தாண்டுகிறோம். ஒரு பாலத்தைக் கோட்டைவிட்டால் அடுத்த பாலம் வரைக்கும் எதிர்க்கரைதான். வேறு ஊரில் தெரு மாறினால் அடுத்த சந்தில் சரிசெய்துகொள்ளலாம், இங்கே ஆறு நடுவில் நிற்கும். மேப்பிலும் சிக்கல் உண்டு. வாய்க்கால் கரை, வயலுக்கு டிராக்டர் போகும் தடம் எல்லாம் பாதையாகப் பதிவாகியிருக்கும். குறுகிய வழி என்று அதில் இறக்கிவிடும். மழைக்காலத்தில் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். கோடையில் மணலில் வண்டி இறங்கிப் போன தடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து யாராவது பாதையென்று வரைந்துவைத்திருந்தால், ஆடி மாதம் அதே இடம் கழுத்தளவு தண்ணீர். இதில் கருவியைக் குறை சொல்ல முடியாது, அதை எல்லாம் தெரிந்த மாதிரி விற்றவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நான் மறுகணக்கை அணைத்துவிட்டேன். அமைப்பில் 'தானாக', 'கேட்டுவிட்டு', 'வேண்டாம்' என்று மூன்று இருக்கின்றன, மூன்றாவதுதான். ரூட்டை விட்டு விலகினால் எச்சரிக்கை மட்டும் வரட்டும், கோடு திரையிலேயே இருக்கட்டும், எந்தப் பக்கம் திரும்பிச் சேரலாம் என்று நானே பார்த்துக்கொள்கிறேன். தானாகப் போடும்போது கணக்கு முடிகிற வரைக்கும் என் கருவியில் பழைய கோடும் மறைந்துவிடும், அதுதான் பெரிய எரிச்சல். அப்புறம், சுற்று ரூட்டை ஒரே கோப்பாகப் போடாமல் போக ஒன்று, வர ஒன்று என்று வெட்டிவிடுகிறேன். தாண்ட வேண்டிய ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் ஒரு குறிப்புப் புள்ளி வைக்கிறேன். ஊர் பெயரை விட அது உதவுகிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு ரூட்டை ஏற்றச் சொல்லுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுக் கருவியோடு வெளியே வந்து, வேண்டுமென்றே வேறு தெருவில் திரும்பி நடந்து பாருங்கள். சில மாடல்கள் போனும் டேட்டாவும் இருந்தால்தான் வழி மாற்றும். அணைக்கரைப் பக்கம் சிக்னல் போனால் அதுவும் போச்சு. புது வழி ரோட்டின் மேல் வளைந்து போகிறதா, வீட்டுக் கூரைகளின் மேல் நேராகப் போகிறதா என்று பார்த்தாலே மேப்பின் லட்சணம் தெரிந்துவிடும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும், அது சட்டம். என் பெட்டியில் விலை ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்தது, இறக்குமதியாளர் பெயரே இல்லை. அதனால் கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள், "இந்த சீரியல் நம்பர் இந்தியாவுக்கு வந்ததில்லை, வாரண்டி கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். பில்லில் சீரியல் நம்பரும், 'வழி கணக்கிடும் இந்தியா மேப் உட்பட' என்ற வரியும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள்.

கடைக்காரர் முதலில் "சாஃப்ட்வேர் பிரச்சனைக்கு நாங்க என்ன சார் பண்றது" என்றார், அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்த பிறகுதான் மறுபடி பேசினார். மேப்புக்கு வாங்கிய 1,500 ரூபாய் திரும்ப வந்துவிட்டது. கருவியைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். அதற்காகத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். 2019 சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'லைசென்ஸ்' என்று சொல்லி மேப்புக்குத் தனியாகப் பணம் வாங்கியிருந்தால் மேப்பின் விவரப் பக்கத்தைப் போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். என் மனுவில் அதுதான் முதல் இணைப்பு.