படுத்து ஓட்டும் வண்டி: இரண்டு சக்கரமா, மூன்றா?

மோட்டார் இல்லாமல், ஆள் படுத்தபடி மிதித்தே ஓட்டும் மனித சக்தி வண்டிப் போட்டிக்கு இறங்கும் நம்ம நெல்லைப் பசங்க முதலில் குழம்புவது, வண்டிக்கு எத்தனை சக்கரம் என்பதில்தான்.

இரண்டு சக்கரம் எடை குறைவு, ஒல்லி. நேர் ஓட்டத்தில் அதை அடிக்க முடியாது. ஆனால் ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்று, காற்றுத் தடையைக் குறைக்க மூடி போட்ட வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போது, படுத்தபடி மிதிப்பவரால் உடம்பை அசைத்துச் சமாளிப்பது கஷ்டம். புறப்படும்போதும் இதே தொல்லை.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் நின்றாலும் விழாது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. நடத்திய போட்டியின் விதிப்படி 25 கி.மீ. வேகத்திலிருந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும், 8 மீட்டர் ஆரத்துக்குள் திரும்ப வேண்டும். முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க் பிரேக் இருந்தால் நிற்பதில் பயமில்லை. ஸ்டியரிங்கில்தான் வேலையே. முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியின் நீளம் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் இரண்டு டயரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, சீக்கிரமே மொட்டையாகிவிடும். அப்புறம், வேகமாக வளைத்தால் உள்சக்கரம் தூக்கும்.

என்னைக் கேட்டால் முதல் வருஷம் மூன்றுதான். வண்டி கவிழ்ந்து உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பிக்கூண்டு இரண்டுக்குமே கட்டாயம், எடை குறைக்கிறேன் என்று அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.