பக்கத்துக் கொட்டகைக் கூரையிலிருந்து கரண்ட்: ஆஸ்திரியாவில் ஒன்றரை வருட அனுபவம்

லின்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கூரை நம்முடையதில்லை, அதனால் சோலார் பேனல் போடுவதைப் பற்றி யோசித்ததே கிடையாது. எங்கள் தெருக் கோடியில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் கொட்டகை முழுக்க பேனல் போட்டுவிட்டு, மதியத்தில் மிஞ்சுகிற கரண்டை அடிமாட்டு விலைக்கு வெளியே தள்ளுவதற்குப் பதில் ஊருக்குள்ளேயே விற்கலாம் என்று நாலைந்து பேரைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். எனர்கீகெமைன்ஷாஃப்ட் என்று வாய் சுளுக்குகிற பேர். நாம் மின்சாரச் சங்கம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இங்கே இருக்கிற நண்பர்கள் பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏங்கண்ணு, அவிய வீட்டுல இருந்து ஒயரு இழுத்துட்டாங்களா?" என்று கேட்டார். எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இதுதான். தனி ஒயர் எதுவும் கிடையாது. அதே கம்பி, அதே மீட்டர், பழைய மின்சாரக் கம்பெனியின் ஒப்பந்தமும் அப்படியே இருக்கும். மாறுவது கணக்கு மட்டும்தான். ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தில் சங்கத்தின் பேனல்கள் எல்லாம் சேர்ந்து 6 யூனிட் கொடுத்தன, உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து 10 யூனிட் இழுத்தார்கள் என்றால், அந்த 6ஐ அவரவர் இழுத்த அளவுக்குத் தக்கபடி பங்கு பிரிப்பார்கள், மீதி 4 வழக்கமான கம்பெனியின் கணக்கில் ஏறும். ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற முறையும் உண்டு. ஆனால் அதில் நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் உங்கள் பங்கு யாருக்கும் பயன்படாமல் வெளியே போய்விடும், அதனால் எங்கள் சங்கத்தில் அதை எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் வழி பண்ணியது 2021 ஜூலையில் வந்த சட்டம். அதில் எனக்குப் பிடித்த விஷயம், கரண்ட் எவ்வளவு கிட்டத்திலிருந்து வருகிறதோ அவ்வளவுக்கு நெட்வொர்க் கட்டணம், அதாவது கம்பி வழியாகக் கரண்டைக் கொண்டுவருவதற்கான கட்டணம், குறைவது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்தால் யூனிட்டுக்கு வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தில் 57 சதவீதம் தள்ளுபடி. டிரான்ஸ்பார்மர் வேறு, சப்ஸ்டேஷன் மட்டும் ஒன்று என்றால் வீடுகளுக்கு 28 சதவீதம்தான். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் எதிர் வரிசையில்தான் குடியிருக்கிறார், ஜன்னலைத் திறந்தால் அதே கொட்டகைதான் தெரியும், ஆனால் அவருடைய வீட்டுக்கு வேறு டிரான்ஸ்பார்மர். எங்கள் சங்கம் ஒரே டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும், அதனால் இதில் அவருக்கு இடமில்லை. மனுஷன் இன்னும் என்னிடம் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, காசு விஷயம். சங்கத்தில் யூனிட் 11 சென்ட், அதில் 10 பேனல்காரருக்கு, 1 சென்ட் சங்க நிர்வாகத்துக்கு. என் பழைய கம்பெனிக்கு 17 சென்ட் கொடுக்கிறேன். ஆக யூனிட்டுக்கு 6 சென்ட் மிச்சம், நெட்வொர்க் தள்ளுபடியில் இன்னொரு 4 சென்ட். போன வருடம் வீட்டில் ஓடிய 3,100 யூனிட்டில் 1,150 சங்கத்திலிருந்து வந்தது. வருடச் சந்தா 20 யூரோவைக் கழித்தால் கையில் நின்றது ஏறக்குறைய 95 யூரோ. ஒரு வருடத்துக்கு! பாதி பில் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதாமாதம் வருகிற நிலைக்கட்டணம் ஒரு சென்ட் கூடக் குறையாது.

அந்த 1,150ம் சும்மா வந்துவிடவில்லை. முதல் மூன்று மாதம் எங்கள் பங்கு ரொம்பச் சொற்பம். இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாவற்றையும் போட்டால் எந்தச் சூரியன் வந்து கொடுக்கும்? அப்புறம்தான் இரண்டு மெஷினிலும் டைமர் வைத்தோம், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் சமையலை மதியத்துக்கு மாற்றினோம். இட்லி மாவு ஆட்டுவது கூட இப்போது சனிக்கிழமை பதினொன்றரைக்குத்தான் (கிரைண்டர் ஒன்றும் பெரிதாகக் கரண்ட் இழுக்காது என்று தெரியும், இருந்தாலும் ஒரு திருப்தி). ஆப்பில் மறுநாள் கால் மணிக் கணக்கு வரும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் அந்த ஒரு கால் மணியில் மேகம் வந்து மூடியிருந்தால் ஆப்பில் அந்தக் கட்டம் பாதிதான் பச்சையாக (சங்கத்துக் கரண்டாக) இருக்கும். மேகத்தைத் திட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை கதையே வேறு. பனிமூட்டம் இறங்கினால் வாரக்கணக்கில் வெயில் கிடையாது. டிசம்பர் முழுக்க எனக்குக் கிடைத்தது 14 யூனிட். நம் ஊர் வெயிலை நினைத்து யாரும் இங்கே கணக்குப் போட வேண்டாம்.

இதில் என்னைப் படுத்தியெடுத்தது சேரும் படலம். சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே எல்லோரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவர்கள். மீட்டருக்கு 33 இடம் கொண்ட ஒரு நம்பர் இருக்கிறது, ஏடி என்று ஆரம்பித்து நடுவில் வரிசையாகப் பூஜ்யம். பில்லைப் பார்த்துக் கையால் எழுதினேன், ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு, மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். கம்பி வைத்திருக்கிற கம்பெனி நம்மிடம் ஆன்லைனில் சம்மதம் கேட்கும். அந்த லிங்க் வந்தபோது நாங்கள் கோயம்புத்தூரில் கல்யாண வீட்டில் இருந்தோம், திரும்பி வருவதற்குள் காலாவதியாகிவிட்டது. மூன்றாவது தடவைதான் நடந்தது. அது போதாதென்று ஒரு மாதம் மீட்டர் டேட்டா வராமல், தோராயமாகப் பில் போட்டு, பிறகு திருத்திய பில் அனுப்பினார்கள். இப்போது மாதாமாதம் இரண்டு இடத்திலிருந்து பில் வருகிறது, இரண்டையும் ஒத்துப் பார்க்க எக்செல் வைத்திருக்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

எங்கள் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கடன் போட்டு வாங்கியது. ஊருக்குத் தேவையானது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். கால் மணிக் கணக்கு, ஆப், எதுவும் இல்லாத காலம். பண்ணைப் பெரியவரிடம் இதைச் சொன்னேன், அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.

மொத்தத்தில் இந்தச் சங்கத்துக்கு 5க்கு மூன்றரை மார்க் கொடுப்பேன். பகலில் வீட்டில் ஆள் இருந்தால் நாலு. 2024 ஏப்ரலிலிருந்து ஒரே மீட்டரை வைத்து 5 சங்கம் வரை சேரலாம் என்று ஆகிவிட்டது, எங்கள் சப்ஸ்டேஷனுக்குள்ளேயே சின்ன நீர்மின் நிலையம் வைத்திருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, 28 சதவீதம்தான் தள்ளுபடி என்றாலும் ராத்திரியிலும் குளிர்காலத்திலும் ஏதோ வரும். அதற்கும் எழுதிப் போட்டேன். சம்மதம் கேட்கும் லிங்க் நேற்று சாயங்காலம் வந்தது, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அமுக்கிவிட்டேன்.