ஈய நச்சு: மருந்தின் கொடுக்கும் பூண்டின் கந்தகமும்

உடலுக்குள் புகுந்த ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான நொதிகளையும் முடக்குகிறது. இதற்கு மருத்துவர்கள் தருபவை சக்சிமர், கால்சியம் ஈ.டி.டி.ஏ., டி-பெனிசிலமின் போன்ற கொடுக்கிணைப்பு மருந்துகள். நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதைப் போல உலோகத்தைக் கவ்வி, சிறுநீரில் வெளியேற்றுவது இவற்றின் வேலை. இவற்றுக்கு மாற்றாகப் பூண்டு, கொத்தமல்லி, மஞ்சளின் குர்குமின், முருங்கை ஆகியவற்றின் சாறுகளைப் பலர் முன்வைக்கிறார்கள்.

இவற்றுள் மனிதர்களிடம் மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கப்பட்டது பூண்டுதான். ஈரானின் மஷ்ஹத் நகரில் கார் பேட்டரித் தொழிற்சாலையில் வேலை செய்த 117 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பூண்டு மாத்திரையும் மற்றதற்கு டி-பெனிசிலமினும் 4 வாரம் கொடுத்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பூண்டுக் குழுவின் இரத்த ஈயம் டெசிலிட்டருக்குச் சராசரி 43 மைக்ரோகிராமிலிருந்து ஏறத்தாழ 35-க்கும், மருந்துக் குழுவில் 42-இலிருந்து ஏறத்தாழ 32-க்கும் இறங்கின. பக்கவிளைவுகள் பூண்டில் குறைவு. தலைவலியும் சிடுசிடுப்பும் தணிந்ததும் அக்குழுவில்தான். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஈயத்தைப் பிடிக்கக்கூடும் என்பதால் இது நம்பக்கூடியதே.

ஆனால் அந்த ஆய்வில், ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற மூன்றாவது குழு இல்லை. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை அதே நாட்டில் குழந்தைகளிடம் நடந்த கொத்தமல்லிச் சாறு ஆய்வு காட்டுகிறது: சாறு குடித்தவர்களுக்கும் வெற்று மருந்து குடித்தவர்களுக்கும் இரத்த ஈயம் ஒன்றுபோலவே குறைந்தது. இதைப் படித்த பிறகு பூண்டின் 8 மைக்ரோகிராம் இறக்கத்தை முழுவதும் பூண்டின் கணக்கில் வரவு வைக்க எனக்குக் கை வரவில்லை. போதாததற்கு, போட்டிக்கு நிறுத்தப்பட்ட பெனிசிலமின் இன்று ஈயத்துக்கு முதல் தேர்வும் அல்ல.

குர்குமினுக்கும் முருங்கைக்கும் உள்ள சான்றுகள் பெரும்பாலும் எலிகளோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் பலவற்றில் உலோகமும் சாறும் ஒரே காலத்தில் கொடுக்கப்படுவதால், ஏற்கெனவே எலும்பில் படிந்த ஈயத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

மருந்துக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவில் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை ஈயமிருந்த 780 குழந்தைகளிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், சக்சிமர் இரத்த ஈயத்தைக் குறைத்ததே ஒழிய அறிவுத்திறன் தேர்வில் பயன் தரவில்லை. எனவேதான் குழந்தைகளுக்கு 45-ஐத் தொட்டால் கொடுக்கிணைப்பு மருந்து, அதற்குக் கீழே ஈயம் வரும் வழியை அடைப்பதும் இரும்பு, கால்சியக் குறையைச் சரிசெய்வதும் என்ற நடைமுறை நிலைத்தது.

ஆக, 45-க்கு மேல் சாறுகளுக்கு இடமில்லை. அதற்குக் கீழே பூண்டைச் சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம். பொடியாகவோ மாத்திரையாகவோ வாங்குபவர் மட்டும் ஆய்வகச் சான்றைக் கேட்க வேண்டும்: வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்றக் கலக்கப்பட்டு வந்தது ஈயக் குரோமேட், பாஸ்டன் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் வெளியானது.