1967 மஸ்டாங் கூப்பே: கவுல் பார்க்காமல் விலை பேசாதீர்கள்

பழைய ஃபோர்டு மஸ்டாங் காரில் கவுல் வேலை, அதாவது முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள தகர வேலை, இப்போதுதான் ஒருவழியாக முடிந்தது. அதே நேரம் பார்த்து நண்பர் கேட்கிறார்: "67 மஸ்டாங் கூப்பே ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 289 கன அங்குல வி-8 எஞ்சின், ஆட்டோமேட்டிக், வண்டி ஓடுகிறது, பெயிண்ட் புதுசு. வாங்கிப் போட்டு மெதுவாகச் சரிசெய்யலாமா?" அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். குதிரைத்திறன், நீளம், அகலம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. பல வருடம் வைத்து ஓட்டினால் மட்டும் தெரியவரும் விஷயங்கள் சில உண்டு. அதில் முதலாவதும் மோசமானதும் கவுல்.

பானெட்டின் பின் விளிம்புக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில், வைப்பர்கள் இருக்கும் அந்த அகலப் பட்டைதான் கவுல். வெளியே தெரியும் மேல் தகரத்தில் வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கும். உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், கீழ்த் தகரம் ஒன்று. அதில் இரண்டு பெரிய வட்டத் துளைகள்: ஒன்று ஓட்டுநர் பக்கக் காற்றுப் பெட்டிக்கு, இன்னொன்று மறுபக்க ஹீட்டர் பெட்டிக்கு. காற்றோடு மழைத் தண்ணீரும் இறங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொரு துளையைச் சுற்றியும் குட்டையாகக் கழுத்து வைத்திருப்பார்கள். தண்ணீர் அந்தக் கழுத்துக்கு வெளியே தேங்கி, இரு ஓரங்கள் வழியாக மட்கார்டுக்குப் பின்னால் வழிந்து போய்விட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நடப்பது வேறு. சருகும் பைன் ஊசியும் மண்ணும் துளை வழியாக உள்ளே விழும், ஓரங்களில் போய் அடைக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுத்து கீழ்த் தகரத்தோடு சேரும் மூலையில்தான் துரு முதலில் பிடிக்கும். இரண்டு தகரங்களும் ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாக வைக்கும் வெல்டு) போட்டு ஒட்டியவை. கை விட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது, பெயிண்ட் அடிக்கவும் முடியாது. 1965 முதல் 1968 வரை எல்லா மஸ்டாங்கிலும் இதே கதை. மிச்சிகன், ஒஹாயோ போல குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டும் மாநிலத்து வண்டியில் மட்டும்தான் துரு இருக்கும் என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியா வண்டியாக இருந்தாலும் மரத்தடியில் நின்றிருந்தால் கவுல் போயிருக்கும்.

அறிகுறி கார்பெட்டில் தெரியும். மழைக்குப் பிறகு ஓட்டுநரின் கால் பக்கம் ஈரம். பலரும் கண்ணாடி பீடிங்கைச் சந்தேகப்பட்டுப் புது ரப்பர் மாற்றுவார்கள், ஒழுகல் நிற்காது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் சணல் மெத்தை தண்ணீரை உறிஞ்சி நாட்கணக்கில் வைத்திருக்கும், தரைத் தகரம் உள்ளிருந்தே அரிக்கும். ஹெட்லைட் டிம்மர் சுவிட்ச் இந்த வண்டியில் தரையில், இடது காலருகே இருக்கிறது. அதுவும் பச்சை பிடித்துச் செத்துப்போகும். விற்பவர் தரைத் தகரத்தை மாற்றிவிட்டு "தரை முழுக்கப் புதுசு" என்று பெருமையாகச் சொன்னால் உஷாராகுங்கள். பழைய தரை ஏன் போனது என்பதுதான் கேள்வி. மேலே கவுல் அப்படியே இருந்தால் புதுத் தரையும் அதே வழியில்தான் போகும்.

சோதனை சுலபம். கார்பெட்டைச் சுருட்டிவிட்டு ஒருவர் டார்ச் லைட்டோடு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் தண்ணீரைக் கவுல் துளைகளில் மட்டும், மெதுவாக, ஒரு பக்கம் முடித்து மறு பக்கமாக ஊற்றட்டும். கண்ணாடி மேல் படக் கூடாது. பட்டால் ஒழுகுவது பீடிங்கா கவுலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றும்போதே மட்கார்டுக்குப் பின்னால், கதவுக்கு முன்னால், இரண்டு பக்கமும் வெளியே வழிகிறதா என்றும் பாருங்கள். வழியவில்லை என்றால் உள்ளே சருகு அடைத்திருக்கிறது. பிறகு ஓட்டுநர் பக்கக் காற்றுப் பெட்டியைக் கழற்றி, கையை மேலே விட்டுக் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பான தகரம் கையில் பட்டால் நல்லது. செதில் செதிலாக உதிர்ந்தால் துரு. தார் போல ஏதாவது ஒட்டினால் யாரோ ஏற்கெனவே பூசி மறைத்திருக்கிறார்கள். பசை போட்டு உட்கார வைக்கும் பிளாஸ்டிக் கழுத்துகள் கடையில் கிடைக்கின்றன. ஓட்டை சின்னதாக இருந்தால் சில வருடம் ஓட்டலாம், ஆனால் அதை ரிப்பேர் என்று சொல்லி விலை ஏற்ற இடம் கொடுக்காதீர்கள்.

சரியான ரிப்பேர் என்றால் வண்டியின் முன்பாதியையே பிரிக்க வேண்டும். பானெட், கீல்கள், இரண்டு முன் மட்கார்டு, வைப்பர், முன் கண்ணாடி எல்லாம் வெளியே வரும். கழற்றும் முன் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும், கதவுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். இது தனிச் சாசி இல்லாத வண்டி. ஷாக் டவரிலிருந்து (முன் ஷாக் அப்சார்பர் பொருந்தும் தகரக் கூடு) வரும் தாங்கு கம்பிகள் கவுல் பக்கம்தான் வந்து முடிகின்றன. மேல் தகரம் போனபின் அந்தப் பகுதி கொஞ்சம் நகரும். வண்டி சமமாகத் தாங்கி நிற்க வேண்டும், கதவுகளைக் கழற்றக் கூடாது.

ஸ்பாட் வெல்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பஞ்ச் அடித்து, ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகரத்தை மட்டும் வெட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கீழ்த் தகரத்தையும் துளைத்தால், கூடவே அந்த ஓட்டையையும் அடைக்கும் வேலை சேரும். கீழ்த் தகரம் புதிதாகக் கிடைக்கிறது, ஆனால் பழையது போல அப்படியே உட்காராது. ஸ்க்ரூ போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து, மட்கார்டு, பானெட், கண்ணாடி மூன்றையும் ஒருமுறை வைத்துப் பார்த்த பிறகே வெல்டிங். இந்த ஒரு படியைத் தாண்டியவர்கள்தான் கண்ணாடி மூலை உட்காராமல் பிறகு அவதிப்படுகிறார்கள். ஒட்டும் பரப்பில் வெல்டிங் தாங்கும் பிரைமர், பிளக் வெல்டு (மேல் தகரத்துத் துளையை நிரப்பும் வெல்டு), அதன் மேல் எபாக்ஸி பிரைமர், கழுத்தைச் சுற்றி சீம் சீலர், பெயிண்ட். மேல் தகரத்தை மூடும் முன்னால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூடியபின் தெரியவரும் ஒழுகலுக்கு மருந்து கிடையாது.

தகரம் சில நூறு டாலர்தான். கூலிதான் ஆளை விழுங்கும். கோபம் வருவதும் இங்கேதான். 1967-ல் தயாரான மஸ்டாங்கில் கூப்பே 3,56,271, ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் மாடல்) 71,042. அதனால் ஃபாஸ்ட்பேக்குக்குக் கிடைக்கும் விலை கூப்பேக்குக் கிடைக்காது. கவுல் ஒன்றேதான், வெல்டு ஒன்றேதான், கூலியும் ஒன்றேதான். ஃபாஸ்ட்பேக்கில் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வரலாம். கூப்பேயில் போட்டது போட்டதுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். 1964 ஏப்ரலில் 2,368 டாலர் ஆரம்ப விலையில் அறிமுகமான வண்டியின் வாரிசு இது. அரை நூற்றாண்டு தாண்டி ஓட வேண்டும் என்று யாரும் அன்று கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் எஞ்சின் விஷயத்தில் குறை சொல்ல வாய் வரவில்லை. 289 போல வேலை செய்யச் சுகமான எஞ்சின் அபூர்வம். டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருக்கிறது; குனியாமல், நின்றபடியே அதற்குள் இருக்கும் பாயிண்ட் (தீப்பொறிக்கான தொடுமுனை) வைக்கலாம். இடைவெளி 0.017 அங்குலம், ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 26 முதல் 31 டிகிரி. வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் 6 டிகிரியில் வைத்தால் காலையில் முதல் சாவியிலேயே பிடிக்கும். இரண்டு பேரல் (இரண்டு காற்றுவழி) கார்புரேட்டர் எளிமையானது. கேஸ்கெட்டிலிருந்து பிஸ்டன் வரை எல்லாம் புதிதாக இன்றும் கிடைக்கிறது. வேறு எந்த அறுபதுகளின் வண்டிக்கும் உதிரிபாகம் இவ்வளவு சுலபமாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

எஞ்சினில் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: டைமிங் செயின். கேம் பல்சக்கரத்தின் பற்களில் நைலான் பூசியிருப்பார்கள். வயதானால் அது வெடித்து உதிர்ந்து ஆயில் சம்ப்பில் விழும், ஆயில் பம்பின் வலையை அடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் 15/16 சாக்கெட் போட்டு முன்னோக்கித் திருப்பி நிறுத்துங்கள். பிறகு பின்னோக்கித் திருப்புங்கள். ரோட்டர் அசைய ஆரம்பிக்கும் வரை எத்தனை டிகிரி வீணாகிறது என்று டேம்பர் (கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தாங்கும் சக்கரம்) குறியில் பாருங்கள். பத்து டிகிரியைத் தொட்டால் செயின் முடிந்தது. செயின் மாற்றும்போது சம்ப்பையும் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் பாதி வேலைதான் செய்தீர்கள் என்று அர்த்தம். சம்ப்பை இறக்க எஞ்சினைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். டேம்பரின் வெளிவளையம் ரப்பரில் வழுக்கியிருந்தால் குறியே பொய் சொல்லும், அதையும் சரிபாருங்கள். ஹெட் கழற்ற நேர்ந்தால் ஈயமில்லா பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான வால்வ் சீட் போட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வண்டி எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்: C என்று எழுதும் ‘சி’ இருந்தால் இரண்டு பேரல் 289, ‘ஏ’ நான்கு பேரல், T என்று எழுதும் ‘டி’ ஆறு சிலிண்டர். ‘டி’ வண்டியில் வி-8 நிற்கிறது என்றால் சக்கர போல்ட்டை எண்ணுங்கள். நான்கே இருந்தால் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, பிரேக்கையும் பின் ஆக்சிலையும் ஆறு சிலிண்டருக்குரியதாகவே விட்டுவிட்டார்கள். அப்படி ஓட்டுவது ஆபத்து. கதவிலுள்ள தகட்டை நம்பாதீர்கள், கதவு மாறியிருக்கலாம். ஓட்டுநர் பக்க உள் ஏப்ரனில் (பானெட்டுக்கு அடியில் மட்கார்டுக்கு உள்பக்கத் தகரம்) அடித்திருக்கும் எண்ணைத்தான் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். ஷாக் டவரில் மேல் கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல், பேட்டரிக்கு அடியில் அமிலம் தின்ற தகரம், இரண்டையும் பாருங்கள். டிக்கியில் பாயைத் தூக்கினால் தெரியும் தரையே பெட்ரோல் டேங்க்கின் மேல்புறம்தான். அதைச் சுற்றிய விளிம்பில் துரு இருந்தால் டேங்க்கை இறக்கித்தான் வேலை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: அந்த வண்டி வேண்டாம். புதுப் பெயிண்ட்டும் சோதிக்காத கவுலும் சேர்ந்து வந்தால் எனக்குச் சம்மதமில்லை. பெயிண்ட் வெளுத்து, சீட் கிழிந்து, எஞ்சின் நின்றுபோய், ஆனால் கவுல் காய்ந்திருக்கிற கூப்பே வந்தால் சொல்லுங்கள், நானே கூட வருகிறேன். அப்படியும் இந்த வண்டிதான் வேண்டும் என்றால், தண்ணீர் சோதனைக்கு விற்பவர் சம்மதித்து, ஒழுகலும் கண்ணால் பார்த்தபின், எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி, ஆவணம் இவற்றுக்கு மட்டும் விலை சொல்லுங்கள். பெயிண்ட்டுக்கு ஒரு டாலரும் சேர்க்க வேண்டாம். கவுலைப் பிரித்தால் கண்ணாடி ஓரத்திலிருந்து மட்கார்டு வரை எப்படியும் மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.