ஸ்டிக்கரில் 200 ஏஎச், தராசில் 29 கிலோ

சிங்கப்பூரில், லிம் சூ காங்கில் மச்சான் கீரை போடுகிற நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை. கரண்ட் கிடையாது, சோலார்தான். பேட்டரி வாங்கத் தொழிற்பேட்டைக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் நம்ம ஆள். தமிழில் பேசியதும் பாதி விழுந்துவிட்டேன், அது என் தப்பு.

காத்தாடி, மூன்று விளக்கு, அரை மணி நேரம் தண்ணீர் மோட்டார், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து நாளைக்கு 1,100 வாட்-மணி என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் கால்குலேட்டரைத் தட்டினார். "12 வோல்ட், 200 ஏஎச், ரெண்டு போடுங்கண்ணே. 4,800 வாட்-மணி வருது. நாலு நாள் மழை பெஞ்சாலும் தாங்கும்." ஏஎச் என்றால் ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு; அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி. 1,140 வெள்ளியைப் போனிலேயே பேநவ் வழியாக அனுப்பினேன்.

ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். இன்வெர்ட்டரும் பத்து சதவீதம் போலத் தின்னும். ஆக அந்த 4,800-இல் நிம்மதியாக எடுக்க முடிவது இரண்டு நாளைக்குத்தான். அதை அவர் சொல்லவே இல்லை. சரி, அந்த இரண்டு நாளாவது தாங்கியதா?

டிசம்பர் மழையில் இரண்டாம் இரவு இரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மீன் நாற்றம். போன் போட்டால், "பேனல் பத்தலண்ணே, இன்னொண்ணு வாங்குங்க" என்றார். 180 வெள்ளிக்கு அதையும் வாங்கினேன். அதே கதை.

சோதித்துப் பார்க்கலாமென்று ஒரு பேட்டரியை டிராலியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புளோக்குக்குக் கீழே நின்ற, பழைய சாமான் வாங்குகிற காராங்குனி அங்கிள் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். இருநூறா, இவ்வளவு லேசாகவா என்று தன் தராசில் மாட்டினார். 29 கிலோ. 200 ஏஎச் ஈய பேட்டரி என்றால் ஐம்பத்தைந்து, அறுபது கிலோ இருக்கும். இது 100 ஏஎச் எடை. ஈயத்தை ஸ்டிக்கரில் அச்சடிக்க முடியாதே.

அப்புறம் முழுசாகச் சார்ஜ் ஏற்றி 10 ஆம்பியர் லோடு போட்டேன். 200 என்றால் இருபது மணி நேரம் ஓட வேண்டும். எட்டரை மணி நேரத்தில் 10.5 வோல்ட்டுக்கு, அதாவது காலி என்கிற அளவுக்கு, இறங்கிவிட்டது. மணிக்கொரு தடவை மீட்டரைப் படம் எடுத்து வைத்தேன்.

அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் இங்கே லெமன் சட்டம் (குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் சட்டம்) எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பாடு. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் பத்து வெள்ளி கட்டி மனு போட்டேன். மூன்றாம் நாள் போன்: "நேர்ல பேசியிருக்கலாமேண்ணே." பேட்டரிப் பணம் முழுசாக வந்தது.

இப்போது லித்தியம் வைத்திருக்கிறோம். அது இயல்பிலேயே லேசு, இந்த எடைக் கணக்கு அதற்கு ஒத்துவராது. கடையிலேயே லோடு போட்டு ஓடவிடச் சொல்லி, அதன் பிறகே காசு கொடுத்தேன்.

பேனலுக்கான 180 வெள்ளி மட்டும் வரவில்லை. கொட்டகைக்கு வெளியே ஸ்டாண்டில் நிற்கிறது. மச்சான் அதன் நிழலில் கொத்தமல்லி போட்டிருக்கிறார்.